மன்னா என்றுதான் சொன்னார்

மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, வாளியை இடது கைக்கு மாற்றி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்து, “அரசியே, அழாதீர்கள். அந்தப்புரத்துச் சாக்கடை அடைப்பு பொழுது சாய்வதற்குள் சரியாகிவிடும்” என்கிறார் கான்ட்ராக்டர். நடுமாடி தாண்டியதும் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம். கொத்தனார் செய்த கோளாறு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அங்கே தடுக்குவார்கள். இவர் தடுக்கமாட்டார், ஆனால் மூட்டு ஒத்துழைக்க வேண்டுமே. “அய்யோ அம்மா” என்கிறார். போன் அதையும் எழுதிக்கொள்கிறது. வாசகர்கள் அதை அரசி சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். இதுவரை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாளியில் இருப்பது வெறும் தண்ணீர். மூன்று அடுக்கு வீடு. கீழே அவர். நடுமாடியிலும் மேல்மாடியிலும் யாரும் இல்லை. ஆள் இல்லாத குளியலறையில் என்ன ஆகும் தெரியுமா என்று அகப்பட்டவரை எல்லாம் கேட்பார், கேட்ட சூட்டோடு அவரே பதிலும் சொல்வார். தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டைக்கு அடியில் கிண்ணம் மாதிரி ஒரு சாமான் இருக்கிறது, அதற்கு ட்ராப் என்று பெயர். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. அது வற்றினால் சாக்கடை நாற்றம் நேராக வீட்டுக்குள் ஏறி வரும். குளிக்க ஆள் இருந்தால் தானாக நிரம்பும். ஆள் இல்லாவிட்டால் யாராவது போய் ஊற்ற வேண்டும்.

“மனுஷன் இல்லாத ரூம் முதல்ல மூக்குக்குத்தான் தெரியும்” என்பார். சொல்லிவிட்டு, கேட்டவர் தலையாட்டுகிறாரா என்று பார்ப்பார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு படித்ததெல்லாம் சுவர்கள்தான். தெருவில் அவரோடு நடந்தால் கட்டடங்கள் தெரியாது. அவற்றுக்குள் ஓடும் குழாய்கள்தான் தெரியும். “அந்த பேங்க்ல மூணாவது மாடி, ஜன்னலுக்குக் கீழ பைப் திரும்புற இடத்துல ஒரு எல்போ வெச்சேன். இன்னிக்கும் ஒரு சொட்டு வெளிய வராது. வேணும்னா உள்ள போய்க் கேட்டுப் பாருங்க” என்று பேங்க் வாசலில் நிற்கும் காவலாளியிடமே சொல்வார். பாவம், அவர் எத்தனை முறை கேட்டிருப்பாரோ. “இந்த ஊர்ல பாதிப் பேர் கை கழுவுறது என் தண்ணியில” என்றும் ஒரு வசனம் உண்டு. அதில் பெரிய பொய் இல்லை. வேலை என்று குனிந்துவிட்டால் பின்னால் யாராவது டார்ச் பிடித்தபடி நிற்க வேண்டும், கை கொஞ்சம் ஆடினாலும் வசவு விழும். அவர் யாருக்கும் டார்ச் பிடித்ததில்லை.

கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், “பைப்புக்கு வாக்கப்பட்டுட்டேன், அது வேற யாரையும் அண்ட விடல” என்று சிரிப்பார்.

மூட்டு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் கதை என்ற வியாதி தொற்றியது. தொற்ற வைத்தவள் அக்கா. சலவைக் கடை ஒன்றில் கல்லாவில் உட்காருகிறவள். மெஷினில் துணி சுழலும் நேரமெல்லாம் போனில் கதை படிப்பாள். அதிலும் ஒரே ரகம்தான், கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகள். இங்கே செத்துப்போனவன் அங்கே ராஜாவாகக் கண் விழிப்பான். இங்கே நாதியற்ற பெண் அங்கே ஒரு வில்லியின் உடம்பில் முழிப்பாள். தான் படித்துப் பாதியில் விட்ட கதைக்குள்ளேயே வந்து விழுந்திருப்பது அப்புறம்தான் அவளுக்குத் தெரியும். வில்லியின் தலை எந்த அத்தியாயத்தில் போகும் என்பதும் ஞாபகம் வரும். தலை தப்ப வழி தேடுவாள்.

“சும்மா படுத்துக்கிட்டு நர்சைத் திட்டாதடா பெரியவனே. இதைக் கேளு” என்று அக்கா போனை அவர் காதருகே வைத்தாள். போனே கதையைப் படித்துக்காட்டியது. மூன்று நாள் வாயைத் திறக்காமல் கேட்டார். நாலாம் நாள் தீர்ப்பு வந்தது.

“எல்லாரும் லாரியில அடிபட்டே சாவுறானுங்க. லாரிக்காரன் என்ன பாவம் பண்ணான்?”

“கதைடா அது.”

“அரண்மனைல ஆயிரம் ரூம்ன்றான். கக்கூஸ் எங்க?”

“கற்பனைடா!”

“கற்பனையில மட்டும் வயிறு கலக்காதா?”

வீட்டுக்கு வந்ததும் தானே ஆரம்பித்துவிட்டார். டேங்க் கழுவ ஏறிய பிளம்பர் ஒருவன் பாசியில் வழுக்கி விழுகிறான், கண் திறந்தால் மன்னனின் பட்டு மெத்தை. மற்ற கதைகளில் ஆள் முதலில் கண்ணாடியைத் தேடுவான். இவருடைய மன்னன் எழுந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தான். “இந்த அரண்மனைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டான். மந்திரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த உடம்பில் முன்பு குடியிருந்த மன்னன் அப்படியெல்லாம் கேட்கிற ரகம் இல்லை. தலையை வெட்டு, நாட்டை விட்டுத் துரத்து என்று உத்தரவு போடத்தான் அவனுக்குத் தெரியும்.

அப்புறம் என்ன, உலகம் வளர்ந்தது. மலையடிவாரத்து ஏரியில் தொடங்கிய தண்ணீர் சுடுமண் குழாய் வழியாகக் கோட்டைக்குள் வந்தது, மடைப்பள்ளி, அந்தப்புரம், குதிரை லாயம் என்று சுற்றியது, கடைசியில் எதிரி நாட்டு வயலில் போய் இறங்கியது. போர் மூண்டதே அதனால்தான். “பொண்ணுக்காகச் சண்டை போடுறதெல்லாம் பழைய மாடல்” என்பது கான்ட்ராக்டரின் கட்சி.

அவருக்குத் தட்டச்சு வராது. மைக் படத்தை அழுத்திவிட்டுப் பேசுவார், எழுத்து தானாக ஓடும். ஆனால் முற்றுப்புள்ளி விழாது. ஒரு அத்தியாயம் முழுக்க மூச்சுவிடாத ஒரே வாக்கியமாக அக்காவுக்குப் போகும். அவள் சலவைக் கடையில் உட்கார்ந்து புள்ளி வைத்து இணையத்தில் ஏற்றுவாள். வார்த்தையில் கை வைக்க மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. ஒருமுறை முடிசூட்டு விழாவை ஒரு கட்டட வேலைக்கு நடுவே சொன்னார். பட்டத்து யானைக்கும் செங்கோலுக்கும் இடையில் “அந்தப் பக்கம் பிடி, விடாதே, பிடி” என்று வந்துவிட்டது. ராஜகுரு ஓதிய மந்திரம் போலிருக்கிறது என்று ஒரு வாசகர் விளக்கம் எழுதினார். மந்திரம் அன்றிலிருந்து கதையில் நிலைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய கூத்து, ‘மன்னா’ என்ற சொல். அரசவையில் எல்லாரும் அப்படித்தானே அழைக்க வேண்டும்? அவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்தப் போன் தன் ஆயுசில் மன்னா என்று எத்தனை பேர் கூப்பிட்டுக் கேட்டிருக்கும்? தனக்குத் தெரிந்ததைப் போட்டது. அண்ணா.

“அண்ணா, படைகள் தயார்.” “அண்ணா, இந்தத் துரோகியின் தலையைக் கொய்துவிடட்டுமா?” இருட்டில் கத்தியோடு பாய்ந்த கொலைகாரன்கூட, “அண்ணா, உன் ஆட்டம் முடிந்தது” என்றுதான் பாய்ந்தான்.

“டேய், நாடே உன் ராஜாவை அண்ணான்னு கூப்பிடுதுடா” என்று அக்கா போன் செய்தாள், சிரிப்பை அடக்க முடியாமல். “மாத்தட்டுமா?”

அதற்குள் ‘ஊமைக்குயில்’ என்ற பெயரில் படிக்கும் ஒருவர் கருத்து எழுதிவிட்டார். ராஜாவை அண்ணா என்று கூப்பிடுகிற நாடா, என்ன ஒரு உலகம், நானும் அங்கேயே குடிவந்துவிடலாமா என்று இருக்கிறது அண்ணா, என்று.

“எல்லாம் யோசிச்சுத்தானே வெச்சேன்” என்றார் கான்ட்ராக்டர்.

“எப்படா யோசிச்ச?”

“உன்கிட்ட சொல்லிட்டுத்தான் யோசிக்கணுமா?”

அன்று முதல் வாசகர்கள் எல்லாரும் அவரையும் அண்ணா என்றே அழைக்கிறார்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம், அத்தனை பேர்தான். ஆனால் விடாமல் எழுதுவார்கள். காலையில் வாளியோடு ஏறும்போது போனைக் கருத்துகளைப் படிக்கச் சொல்வார். அதற்குள் இருக்கும் பெண்குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், “அண்ணா சூப்பர்” என்னும். “அண்ணா அடுத்த அத்தியாயம் எப்போது” என்னும். காலி மாடிகளில் அது எதிரொலித்து இறங்கும். சிலவற்றை இரண்டு தடவை படிக்கவிடுவார். காது சரியாகக் கேட்கவில்லை என்று காரணம் வைத்திருக்கிறார். அவருக்குப் பாம்புக் காது.

அந்தச் சொல்லால் அவரைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் பாத்தியதை. தம்பி. சந்தைக்குப் பின்னால் தனிக்கடை வைத்திருக்கிறான், அதே பிளம்பிங் தொழில்தான்.

இந்த வீட்டைக் கட்டியபோது நடுமாடி அக்காவுக்கு, மேல்மாடி தம்பிக்கு என்று கணக்கு. அக்கா நின்ற நிலையிலேயே மாட்டேன் என்றுவிட்டாள். “உன் வீட்டுல இருந்தா குழாயைத் திறக்கக்கூட உன்கிட்ட உத்தரவு கேக்கணும்.” தம்பி வரத் தயாராகத்தான் இருந்தான். தன் வீடு என்று மேல்மாடிக் குளியலறைக்குத் தானே பைப் போட்டான். சரிவு பத்தவில்லை என்றார் கான்ட்ராக்டர். கொத்தனார், பெயிண்டர், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லார் முன்னாலும் அதைப் பெயர்த்தெடுத்துத் தன் கையால் புதிதாகப் போட்டார். “என் வேலைன்னு ஒரு பேர் இருக்குல்ல?” என்றார்.

தம்பி கையில் இருந்த ரெஞ்சை வேட்டித் துணியில் துடைத்துத் தரையில் வைத்தான். “சரிங்க முதலாளி” என்றான். படியிறங்கிப் போனவன் இன்னும் ஏறவில்லை.

எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலாவது பரவாயில்லை. நின்று, பையைத் தோளிலிருந்து இறக்கி, “வாங்க முதலாளி, சௌக்கியமா இருக்கீங்களா?” என்பான். இடுப்பில் ஏறி உட்கார்ந்து “நட, நிக்காத, நட” என்று விரட்டிய பயல் அவன். அந்த ‘ங்க’ காதில் விழுந்த அன்று கான்ட்ராக்டருக்குச் சோறு இறங்காது. அக்காவிடம் சொல்லும்போது மட்டும் அது வேறு மாதிரி வரும்: “பார்த்தியா, என்னா மரியாதை! எல்லாம் நான் வளர்த்த வளர்ப்பு.”

கதையிலும் ஒரு தம்பி இருந்தான். பழைய மன்னன் நாடுகடத்திய இளவரசன். ஆரம்பத்தில் ஒரு பேச்சுக்குப் போட்ட வரிதான், ஆனால் வாசகர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி எப்போது திரும்பி வருவார் அண்ணா, என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அடியில் கேட்டார்கள். “வாய்க்கால் வேலை முடியட்டும்” என்று பதில் போவதும், வாய்க்கால் நீண்டுகொண்டே போவதுமாக இருந்தது. அக்காவே ஒருநாள் டீ குடித்தபடி கேட்டுவிட்டாள்.

“எத்தனை நாளைக்குடா மண்ணு தோண்டுவ? அவனைக் கூப்பிடேன்.”

“கூப்பிடலாம். அதுல ஒரு சிக்கல் இருக்கு. துரத்தினது பழைய ராஜா. அந்த உயிர் போயிடுச்சு. இப்ப உள்ள இருக்கிறவன் வேற ஆளு. ஆனா தம்பிக்கு அது எப்படித் தெரியும்? மூஞ்சி அதே மூஞ்சிதானே.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “இப்ப நீ கதையைச் சொல்றியா, வேற எதையாவது சொல்றியா?”

“கதையைத்தான். வேற என்ன இருக்கு சொல்ல?”

இதற்கு நடுவில் மேல்மாடியில் நாற்றம் ஏறத் தொடங்கியது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் போய்ப் பார்த்தால் ட்ராப்பில் இல்லை. நடுமாடிக் கூரையில் பாய் அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. தரைக்கு அடியில் எங்கோ கசிகிறது. உடைத்துப் பார்க்க வேண்டும், அவரால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது.

“ஆளைக் கூப்பிடு” என்றாள் அக்கா.

“பிளம்பர் வீட்டுக்குப் பிளம்பரா? ஊர் சிரிக்கும்.”

“அப்ப நாறிக்கிட்டே இரு.”

“கண்டவனை விட முடியாது. அந்தத் தரைக்கடியில பைப் எப்படித் திரும்புதுன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தனால குனிய முடியாது.”

ஒரு வாளி இரண்டு வாளி ஆயிற்று. காலை ஒருமுறை ஏறியவர் சாயங்காலமும் ஏறினார். அந்த உயரமான படியில் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று.

அந்த வாரத்து அத்தியாயத்தில் அரண்மனையின் மேல்கூடத்தில் துர்நாற்றம் கிளம்பியது. வைத்தியர் வந்தார், சோதிடர் வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கூடத்தின் நீர்வழி அறிந்தவன் நாடுகடத்தப்பட்ட இளவரசன் ஒருவனே என்றார் கிழட்டு மந்திரி. தூதன் குதிரை ஏறினான். கோட்டைக் கதவு திறந்தது. தம்பி உள்ளே வந்து, குனியாமல் வணங்காமல் நின்று, “மன்னா, அழைத்தீர்களாமே” என்று கேட்க வேண்டும். நாட்டில் எல்லாரும் அண்ணா என்கிறபோது இவன் ஒருவன் மட்டும் மன்னா என்பான். அந்த ஒரு சொல்லில் சபை உறைந்து போக வேண்டும். அதற்காகவே கான்ட்ராக்டர் நாலு நாள் அதை மனசுக்குள் போட்டுப் புரட்டி வைத்திருந்தார்.

சொன்னார். போன் எழுதியது: அண்ணா அழைத்தீர்களாமே.

அழித்துவிட்டு மறுபடி சொன்னார். அண்ணா. உதட்டை ஒட்டவைத்து இழுத்து “ம்ம்மன்னா” என்றார். ம் ம் அண்ணா என்றது போன். “மன்னாடா! மன்னா!” என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அண்ணா டா அண்ணா என்று போட்டது.

மூன்று எழுத்தைத் தட்டத் தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது. மிச்சத்தை அழித்துவிட்டு, ஒரே ஒரு அண்ணாவை மட்டும் அப்படியே விட்டு, அக்காவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. பின்னணியில் சலவை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

“டேய், தம்பி வர்ற இடத்துல...”

“போன் தப்பாப் போட்டுடுச்சு. நான் மன்னான்னுதான் சொன்னேன்.”

“மாத்தட்டுமா?”

மெஷின் ஒரு சுற்று முடித்து நின்றது.

“பெரியவனே, இருக்கியா? மாத்தட்டுமான்னு கேட்டேன்.”

“வார்த்தையில கை வெக்காதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?”

“சரி சாமி. புள்ளி மட்டும் வெக்கிறேன்.”

வைத்தாள். இணையத்தில் ஏற்றினாள். பிறகு அதையே இன்னொருவருக்கும் தன் போனிலிருந்து அனுப்பினாள். கை வைக்கக் கூடாது என்றுதானே உத்தரவு, அனுப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேல்மாடிக் குளியலறை வாசலில் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார் கான்ட்ராக்டர். ஜன்னல் திட்டில் போன், மைக் திறந்தபடி. கதையில் தம்பி கேட்டுவிட்டான். மன்னன் இப்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். “மன்னன்” என்றார். நிறுத்தினார். “மன்னன் எழுந்து” என்றார். அதற்குமேல் ஓடவில்லை. வாய்க்கால் என்றால் மூச்சுவிடாமல் பேசுகிறவர்தான்.

படியில் காலடி கேட்டது. நடுமாடி தாண்டியது. உயரமான படியிலும் ஏறியது. தடுக்கவில்லை.

அவர் எழுந்துவிட்டார். மூட்டு வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை.

வாசலில் தம்பி, தோளில் சாமான் பை. தலை நரைத்திருந்தது. தெருவெளிச்சத்தில் பார்க்கும்போது அது இவ்வளவு தெரிந்ததில்லை.

“முதலாளி, மோட்டார் ஆஃப் பண்ணிட்டீங்களா?”

திட்டில் இருந்த போன் எழுதிக்கொண்டது. மன்னா என்ற சொல்லை ஒரு தடவைகூட ஒழுங்காகப் போடாத போன், முதலாளி என்பதை ஓர் எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தது.

“பண்ணிட்டேன்” என்றார். “அந்த மூலை டைல்ஸ்ல ஆரம்பிச்சா...”

“தெரியும்ங்க.”

வாளியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உளியின் பின்புறத்தால் தரையைத் தட்டித் தட்டிக் கேட்டான். பிறகு உடைத்தான். டைல்ஸ் பெயர்ந்தது, சிமென்ட் பெயர்ந்தது, ஈர மண் வந்தது. கையாலேயே அள்ளி ஒதுக்கினான். பைப் தெரிந்ததும் கட்டைவிரலை அதன்மேல் வைத்து, ஜாயிண்டிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனான். கான்ட்ராக்டர் போட்ட ஜாயிண்ட். கான்ட்ராக்டர் வைத்த சரிவு. விரல் போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் போயிற்று.

“ஜாயிண்ட் நல்லாத்தான் இருக்கு” என்றான் தம்பி, குழியைப் பார்த்தபடியே. “சாமான்தான் மட்ட ரகம். ட்ராப்ல விரிசல். இதுக்கு யார் என்ன பண்றது.”

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் எப்படிக் கேட்காமல் இருப்பார்? “சரிவு?”

“ம். பத்தும் பத்தும். குதிரை லாயம் வரைக்கும் ஓடும்.”

கான்ட்ராக்டர் சடக்கென்று அவன் முகத்தைப் பார்த்தார். முகம் குழிக்குள் இருந்தது. முதுகுதான் தெரிந்தது. அது குலுங்கியதா, இல்லை வேலையில் அசைந்ததா, சொல்ல முடியவில்லை.

விரிசல் அடிப்பக்கம் எதுவரை போகிறது என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை. தம்பி பைக்குள் துழாவி டார்ச்சை எடுத்தான், பின்பக்கமாக நீட்டினான். கான்ட்ராக்டர் வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக் குழிக்கு நேராகக் காட்டினார். வெளிச்சம் ஆடியது.

“கொஞ்சம் கீழ பிடி” என்றான் தம்பி. ‘ங்க’ இல்லை.

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார். ஒரு கையை விடுவித்து, திரும்பாமலே ஜன்னல் திட்டைத் தடவி, போனின் மைக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பொத்தினார்.